வட்டக் கையெழுத்து

ரூத் நாயைக்கூட நீங்கள் என்றுதான் சொல்வாள். மாடிப்படியில் குறுக்கே படுத்திருக்கும் செம்பட்டை நாயைப் பார்த்து, "தயவுசெய்து எழுந்திருங்கள், நான் போக வேண்டும்" என்பாள். நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். கீழ்வீட்டு வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும் சாராள் தலையைத் தூக்காமலே, "சூ! போ அந்தாண்ட!" என்று ஒரு குரல் கொடுப்பாள். நாய் அந்த நிமிடமே தெருவுக்குப் போய்விடும்.

"அதாண்ட போயி வாங்க போங்கன்னுக்கினு... அது இன்னா கலெக்டரா ரூத்தம்மா?"

"பழகிவிட்டது, அக்கா."

"நல்லா பழகன போ. நீ ரேடியோல நியூஸ் படிக்கற மாதிரி பேசனா நாயி எப்டி எந்திரிக்கும்?"

ரூத்துக்கு முப்பத்தைந்து வயது. ஒஹையோவில் ஒரு அரசுப் பள்ளியில் ஒன்பது வருடம் பாடம் நடத்தியவள். வருவதற்கு முன் இரண்டு வருடம் பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பில் தமிழ் படித்தாள். படித்தது முழுக்கப் புத்தகத் தமிழ். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கிய முதல் நாள், "ஐயா, இங்கிருந்து சிப்காட் எவ்வளவு தொலைவு?" என்று கேட்டபோது ஆட்டோக்காரர் பதில் சொல்லாமல் பக்கத்து ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு, "இன்னொரு தபா கேளுங்க மேடம், இவனும் கேக்கட்டும்" என்றார். அது நடந்து ஒன்றேகால் வருடமாகிறது. இப்போது ஊர் பேசுவதெல்லாம் அவள் காதுக்குப் புரியும். வாய்தான் இன்னும் புத்தகத்தை விட்டு வெளியே வரவில்லை.

ஒரு டிரஸ்ட் அவளை இரண்டு வருட ஒப்பந்தத்தில் வரவழைத்திருந்தது. சிப்காட் தொழிற்பேட்டையில் கார்களுக்கு ஒயர் கட்டுகள் தயாரிக்கும் கம்பெனி ஒன்று பணம் கொடுத்தது. அந்தப் பணத்தில் டிரஸ்ட் பெண்களுக்குப் பயிற்சி மையம் நடத்தியது. அதில் ரூத் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். கம்பெனிக்கு ஒரு அமெரிக்கக்காரி தேவைப்பட்டது இங்கிலீஷுக்காக மட்டுமில்லை. வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால் காட்டுவதற்கும்தான். அது ரூத்துக்கும் தெரியும்.

காலை ஐந்தே முக்காலுக்கு ஷிப்டு பஸ்களின் ஹாரன் அவளை எழுப்பிவிடும். முந்தின நாள் மாடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகளின் கரி பொடிப்பொடியாகப் படிந்திருக்கும். உதறினால் போகாது, தேய்த்தால் பரவும். வெள்ளைச் சட்டை போடுவதை நாலாவது மாதமே விட்டுவிட்டாள். சாராள் தோசை கொடுத்தனுப்புவாள். "நன்றி" என்றால் அவளுக்குக் கோபம் வரும். "தோசைக்கு இன்னாத்துக்கு நன்றி? மேடையா போட்டுகீறோம்?" எதிர்ப் பெட்டிக்கடை பென்னி தினமும் ஒரே கேள்வி கேட்பார்.

"மிஸ், உங்க ஊர்ல இப்ப மணி இன்னா?"

"நேற்று இரவு ஒன்பதரை."

"அப்ப அவங்க இன்னும் நேத்துலதான் கீறாங்க" என்று திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வாழைப்பழத்தை எடுத்துக் கொடுப்பார். நாளைக்கும் இதையேதான் கேட்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தொல்லை உண்டு. "ரூத்துன்னு பைபிள் பேர வெச்சிக்கினு சர்ச்சுக்கு வரமாட்டேன்ற. பாஸ்டர் கேக்கறாரு, நான் இன்னா பதில் சொல்றது?" என்பாள் சாராள். ரூத் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை சாராள் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

சாராளுக்கு ஒரு தலைமுறை முன்னால் வரை அந்தக் குடும்பம் அடுத்தவர் கழனியில் கூலிக்கு இறங்கியது. இப்போது கம்பெனியில் கூலி. சாராள் பிளாஸ்டிக் கவர் போடும் கம்பெனியில் பதினோரு வருடமாகக் காண்ட்ராக்ட். அவள் புருஷன் ஜெரால்ட் தினமும் அத்திப்பட்டு வரை ரயிலில் போய் அனல்மின் நிலையத்தில் சாம்பல் குழாய் கழுவுகிறார். அவரும் காண்ட்ராக்ட்தான். மகள் ஏஞ்சல் பி.எஸ்ஸி. இயற்பியல். வீட்டில் முதல் பட்டதாரி. அவள் ரூத்தின் வகுப்பில் இருந்தாள்.

அந்த வகுப்பில் இருபத்துநாலு பெண்கள். ஆறு மாதப் பயிற்சி முடிந்ததும் எட்டுப் பேரைக் கம்பெனி தன் சொந்த ஆளாக எடுத்துக்கொள்ளும். அதைக் "கம்பெனி ரோல்" என்பார்கள். ரோலில் இருப்பவளுக்கு நீலக் கோட்டு, பஸ்ஸில் உட்கார சீட்டு, பிரசவத்துக்குச் சம்பளத்தோடு லீவு. மீதிப் பதினாறு பேர் காண்ட்ராக்டரிடம் போக வேண்டும். அவர்களுக்குப் பழுப்புக் கோட்டு. நாளைக்கு வா என்றால் வரணும், வராதே என்றால் வரக்கூடாது. சாராளின் வீட்டில் இதுவரை யாரும் நீலக் கோட்டு போட்டதில்லை. ஏஞ்சல் போடுவாள் என்பதில் அந்தத் தெருவில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. பரீட்சை எல்லாவற்றிலும் அவள்தான் முதல்.

ரூத்துக்கு அவளைப் பிடித்துப்போனது மதிப்பெண்ணுக்காக இல்லை, அவளுடைய கேள்விகளுக்காக. 'மே ஐ' என்று ஆரம்பித்து அனுமதி கேட்கும் பாடம் நடந்த அன்று, மற்றவர்கள் வரிசையாக 'மே ஐ கோ', 'மே ஐ சிட்' என்று ஒப்பித்தார்கள். ஏஞ்சல் எழுந்தாள்.

"மிஸ், 'மே ஐ'ன்னு கேக்கறோம். அவங்க 'நோ'ன்றாங்க. அப்ப அடுத்த சென்டென்ஸ் இன்னா மிஸ்? புக்குல இல்லியே."

வகுப்பே சிரித்தது. ரூத் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் புத்தகத்தை எழுதிய கமிட்டியில் யாராவது இதைக் கேட்டிருப்பார்களா என்று யோசித்தாள்.

காலையில் ஆங்கிலம், மதியத்துக்கு மேல் கம்பெனியில் லைன் வேலை. பெரிய பலகையில் ஆணி அடித்து, ஆணிக்கு ஆணி ஒயரை இழுத்து, டேப் சுற்ற வேண்டும். நாலரை மணி நேரம் நின்றபடியே. இடையில் டாய்லெட் போக வேண்டுமென்றால் லைனைப் பார்த்துக்கொள்ளும் பச்சையப்பனின் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கும் சிவப்பு அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போக வேண்டும். அட்டை ஒன்றுதான். அது வெளியே போயிருந்தால் திரும்பி வரும் வரை மற்றவள் அடக்கிக்கொண்டு டேப் சுற்ற வேண்டும். இருபத்துநாலு பெண்களுக்கும் சேர்த்து ஒரே மூத்திரப்பை என்று கம்பெனி முடிவு செய்திருந்தது.

மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் மணியம்மாள் லைனிலேயே நனைத்துக்கொண்டாள். வகுப்பிலேயே மூத்தவள் அவள், முப்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஒருத்தி தன் துப்பட்டாவை அவிழ்த்துக் கொடுத்தாள், இன்னொருத்தி தரையைத் துடைத்தாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ரூத் வகுப்புக்குள் போனபோது எல்லோரும் ஒரு மேஜையைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஏஞ்சல் ஒரு தாளில் நாலு வரி எழுதியிருந்தாள்: இன்னொரு அட்டை வேண்டும், அவ்வளவுதான். அதன் கீழே தன் டிபன் பாக்ஸ் மூடியைக் கவிழ்த்து வைத்துப் பென்சிலால் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். வட்டத்தைச் சுற்றிலும், சைக்கிள் சக்கரத்துக் கம்பி மாதிரி, ஒவ்வொருத்தியாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

"நான் கடைசில போடறேன்டி" என்று மணியம்மாள் பின்வாங்கினாள்.

"இதுல கடைசியே கெடையாதுக்கா. எங்க எடம் இருக்குதோ அங்க போடு."

ரூத் எட்டிப் பார்த்தாள். "மிகவும் அழகாக இருக்கிறது! சூரியனைப் போல."

சில பேர் சிரித்தார்கள். எல்லோரும் போட்டு முடித்ததும் ரூத் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். ஏன் வட்டம் என்று அவள் கேட்கவில்லை. வாசலில் போடும் கோலம் மாதிரி இதுவும் இந்த ஊர்ப் பெண்களின் ஒரு ரசனை என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் கார் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு ஆள் வருவதாக இருந்தது. எதற்கு வம்பு என்று பச்சையப்பன் இன்னொரு சிவப்பு அட்டையை லேமினேட் செய்து மாட்டினார். தாளை டிராயரில் போட்டு மூடினார். ஆபீசுக்கு எதுவும் போகவில்லை. விஷயம் அதோடு முடிந்தது.

அதாவது, முடிந்திருக்க வேண்டும்.

படத்தை ரூத் தன் அப்பாவுக்கு அனுப்பியிருந்தாள். அவர் முப்பது வருடம் பிரேக் தயாரிக்கும் ஆலையில் வேலை செய்தவர், அதில் பதினாறு வருடம் தொழிற்சங்கத்தில் பொறுப்பு. ரூத் சின்னவளாக இருந்தபோது சங்கக் கட்டடத்துச் சுவரில் ஒரு மரப்பலகை இருந்தது. ஒவ்வொரு பிரச்சினையிலும் முதலில் எழுந்து நின்ற தொழிலாளியின் பெயரை அதில் பித்தளையில் பொறித்திருப்பார்கள். அப்பாவின் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. ஆலை மூடிப் பலகை எங்கோ போய்விட்டது. அவர் பதில் அனுப்பினார்: "அருமை. யார் ஆரம்பித்தது? அந்தப் பெண்ணின் பெயரை எங்காவது எழுதி வை."

பயிற்சி முடியும் மாதத்தில் எழுதி வைக்க ஓர் இடம் கிடைத்தது. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு மதிப்பீட்டுப் படிவம். வருகை, ஆங்கிலம், நடத்தை, கடைசியில் சிறப்புக் குறிப்பு என்று ஒரு பெரிய கட்டம். மற்ற வாத்தியார்கள் அந்தக் கட்டத்தில் "நல்ல பெண்" என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். ரூத் இரண்டு சனி ஞாயிறு உட்கார்ந்து எழுதினாள். அவள் ஊரில் ஒரு பிள்ளைக்குக் கல்லூரியோ வேலையோ கிடைப்பது அந்த மாதிரி ஒரு கட்டத்தால்தான். பொதுவாகப் புகழ்ந்தால் பிரயோஜனமில்லை. ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும், அதில் அந்தப் பிள்ளை என்ன செய்தது என்று பெயரோடு சொல்ல வேண்டும்.

ஏஞ்சலின் கட்டம் போதாமல் பின்பக்கமும் எழுதினாள். எதைச் செய்யச் சொன்னாலும் ஏன் என்று கேட்பவள். தவறு என்று பட்டால் தயங்காமல் சொல்பவள். ஒரே ஒரு டாய்லெட் அட்டை இருந்ததால் சக பெண்கள் பட்ட சிரமத்தைப் பார்த்து, இருபத்துநாலு பேரையும் ஒன்றுசேர்த்து, தானே கடிதம் எழுதி, கையெழுத்து வாங்கி, இரண்டாவது அட்டையைப் பெற்றுத் தந்தவள். இதை ஆரம்பித்தவள் ஏஞ்சல்தான், வேறு யாருமல்ல. பிறவித் தலைவி.

எழுதிவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தாள். தன் இத்தனை வருட வாத்தியார் வேலையில் இவ்வளவு நல்ல சிபாரிசு எழுதியதில்லை என்று தோன்றியது.

பட்டியல் ஒரு திங்கட்கிழமை ஒட்டப்பட்டது. எட்டுப் பெயர். மணியம்மாள் பெயர் இருந்தது. ஏஞ்சல் பெயர் இல்லை. அவள் மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை படித்தாள். "சரி" என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அன்று மாலை ரூத் வீடு திரும்பியபோது நாய் படியில் குறுக்கே கிடந்தது. "தயவுசெய்து எழுந்திருங்கள்" என்றாள். சாராள் வாசலில்தான் இருந்தாள். பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் குரல் மட்டும் வரவில்லை. ரூத் நாயைத் தாண்டிக் காலை வைத்து மேலே போனாள்.

மறுநாள் காலையில் தோசை வரவில்லை. ரூத்தே கீழே இறங்கிப் போனாள்.

"அக்கா, ஏதோ தவறு நடந்திருக்கிறது. ஏஞ்சல் முதல் மாணவி. நான் மிகச் சிறப்பாக எழுதியிருந்தேன்."

"ஆமா, எழுதனீங்க" என்றாள் சாராள். "ஆபீஸ்ல பச்சையப்பன கூப்ட்டு நீங்க எழுதன பேப்பர காட்டி, யார்றா அந்தப் பொண்ணு, இன்னா லெட்டரு, எங்க அந்த லெட்டருன்னு கேட்டுகீறாங்க. அவுரு பயந்துகினு டிராயர்லேர்ந்து எடுத்து குடுத்துட்டாரு. வட்டத்த பாத்தா யாருன்னு தெரியாது. நீங்க எழுதனத பாத்தா தெரியுது."

ஒன்றேகால் வருடத்தில் சாராள் அவளை நீங்க என்று சொன்னது அன்றுதான் முதல் தடவை.

"நான் அவளைப் பாராட்டித்தான்..."

"எனக்குத் தெரியாதா? நீங்க நல்லதுதான் நெனச்சீங்க. நான் ஒண்ணும் திட்டல." சாராள் கையைக் கழுவிப் புடவையில் துடைத்தாள். "எங்க கம்பெனில மூணு வருசம் முன்ன குடிக்கத் தண்ணி கேட்டு எழுதனோம். பதினாறு பேரு. ஒருத்திக்குக் கீழ ஒருத்தியா வரிசையா பேரு போட்டோம். மொத பேரு என்துது. மக்யா நாளு பதினஞ்சி பேரு உள்ள பூட்டாளுங்க. என்ன மட்டும் கேட்லயே நிறுத்திட்டான். எட்டு மாசம் ஊட்ல குந்திக்கினு இருந்தேன், அப்பறம் வேற காண்ட்ராக்டர் கையில கால்ல வுழுந்து உள்ள போனேன். அத பாத்துதான் எம்பொண்ணு மூடிய கவுத்து வெச்சி வட்டம் போட்டா. வட்டத்துல எவ மொதல்லன்னு எவனாலயும் சொல்ல முடியாதுன்னு."

ஜெரால்ட் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். ரூத்தைப் பார்த்து எப்போதும் போலத் தலையசைத்துவிட்டு ரயிலுக்குப் போனார். அந்தத் தலையசைப்புக்கு ஒரு கெட்ட வார்த்தையே தேவலாம் என்று ரூத்துக்குத் தோன்றியது.

அன்றே அவள் கம்பெனிக்குப் போனாள். ஆள் எடுக்கும் பிரிவின் மேலாளர் அன்புசெல்வன் எழுந்து நின்று வரவேற்றார். ஏசியைக் குறைக்கச் சொன்னார். டீயும் முந்திரி பிஸ்கட்டும் வந்தன. சுத்தமான ஆங்கிலத்தில் பேசினார்.

"மேடம், உண்மையைச் சொல்கிறேன். இருபத்துநாலு படிவத்தில் உபயோகமாக இருந்தது நீங்கள் ஏஞ்சலுக்கு எழுதிய அந்த ஒன்றுதான். மற்றவர்கள் எல்லோரும் 'நல்ல பெண்' என்று எழுதினால் நான் என்ன முடிவு எடுக்க முடியும்?"

"அவள்தான் முதல் மாணவி."

"சந்தேகமே இல்லை. எங்கள் லைனில் ஆயிரத்துச் சொச்சம் பெண்கள் வேலை செய்கிறார்கள். ஒருத்தி டாய்லெட் அட்டைக்கு இருபத்துநாலு பேரைச் சேர்த்தால், நாளைக்கு அவள் எதற்கு எத்தனை பேரைச் சேர்ப்பாள்?"

"எங்கள் ஊரில் இதைத் தலைமைப் பண்பு என்போம்."

"இங்கேயும் அதுதான் பெயர். அது மேலாளர்களுக்கு வேண்டியது." அவர் பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "ஒரு விஷயம். பட்டியலில் ஆறாவது பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் ஷிப்டு வேலை வேண்டாம் என்கிறார்கள். அந்த இடத்தை அடுத்த திங்கட்கிழமை நிரப்ப வேண்டும். உங்கள் குறிப்பில் ஏதாவது பிழை நேர்ந்திருந்தால், அதற்குள் திருத்தி அனுப்பலாம்."

"பிழை எதுவும் இல்லை" என்றாள் ரூத். "ஒவ்வொரு வார்த்தையும் உண்மை."

அவர் கேட் வரை வந்து வழியனுப்பினார். வெளியே சிப்காட் ரோட்டில் லாரிகள் புழுதியை வாரிப் போட்டுக்கொண்டு போயின. ரூத் ஆட்டோ பிடிக்காமல் நடந்தாள். தன் தலை நிமிர்ந்திருப்பது அவளுக்கே தெரிந்தது. நாலு எட்டு போனதும் அதற்கு வெட்கப்பட்டாள். நிமிர்ந்த தலைக்குப் பிரசவ லீவு கிடைக்கப்போவதில்லை. அப்படியே கிடைத்தாலும் அது அவள் தலைக்குத்தான், ஏஞ்சலுக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. சாராளும் ஜெரால்டும் சர்ச்சுக்குப் போனார்கள். தலைவலி என்று சொல்லி ஏஞ்சல் வீட்டில் இருந்துகொண்டாள். கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் மாடிக்கு வந்தாள். கையில் கோடு போட்ட தாள் ஒன்று. ரூத் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் உட்காரவில்லை.

"மிஸ், அந்த ஆறாவது எடம் காலியாவுதாமே. ஆபீஸ்ல நீங்க இன்னா சொன்னீங்க?"

"நான் எழுதியது எல்லாம் உண்மை என்று சொன்னேன்."

"அது உண்மைன்னு அவருக்கும் தெரியும் மிஸ். அதனாலதான எனக்கு வேலை இல்ல."

ஏஞ்சல் தாளை மேஜைமேல் வைத்தாள்.

"இத படிங்க."

ஆங்கிலத்தில், மணிமணியான எழுத்தில், ஒரு கடிதம். எழுதுவது ரூத். மதிப்பீட்டுப் படிவத்தில் தவறான தகவல் இடம்பெற்றதற்கு வருந்துகிறேன். மேற்படி கடிதம் என் வகுப்பில் நடந்த கடிதப் பயிற்சி. தலைப்பைக் கொடுத்தது நான். வாசகத்தைச் சொன்னது நான். வட்டமாகக் கையெழுத்துப் போடுவது அமெரிக்கப் பள்ளிகளில் வழக்கமான ஒரு வகுப்பு விளையாட்டு. ஏஞ்சல் கையெழுத்து நன்றாக இருந்ததால் அவளை எழுதச் சொன்னேன். பயிற்சித் தாளை லைனில் கொடுத்தது என் உற்சாகக் கோளாறு. ஏஞ்சல் அமைதியான பெண். சொன்னதைச் செய்வாள்.

ரூத் இரண்டு தடவை படித்தாள்.

"அமெரிக்கப் பள்ளிகளில் அப்படி ஒரு விளையாட்டு கிடையாது."

"அவரு போயி பாக்கவா போறாரு?"

"ஏஞ்சல், இது உங்களுடைய செயல். நீங்கள் செய்ததை நான் செய்ததாகச் சொல்ல முடியாது. அது திருட்டு."

"நானே எடுத்துக் குடுக்கறேன், அது எப்டி மிஸ் திருட்டாவும்?" குரலைச் சற்றும் உயர்த்தவில்லை அவள். "அட்ட வந்துட்ச்சி. போறவ போய்க்கினுதான் இருக்கா. அது யாரு வாங்கிக் குடுத்தான்னு தெரிஞ்சி எனக்கு ஆவப்போறது இன்னா? நீங்க கேட்டா அது ஐடியா மிஸ். நான் கேட்டா அது யூனியன்."

"அந்தக் கடைசி இரண்டு வரி பொய். நீங்கள் அமைதியான பெண் இல்லை."

"தெரியும் மிஸ். அந்த ரெண்டு வரியதான் அவரு படிப்பாரு."

கீழே தெருவில் பென்னி யாரிடமோ சில்லறை இல்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ரூத் தாளையே பார்த்தாள். ஆறு மாதத்தில் தான் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம் முழுவதும் அதில் இருந்தது. பணிவான வாக்கியங்கள், சரியான இடத்தில் மன்னிப்பு. திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

"நான் உங்களிடம் மன்னிப்பு..."

"அதெல்லாம் வாணாம் மிஸ். கையெழுத்து போடுங்க. அம்மா வரதுக்குள்ள நான் கீழ போவணும்."

"அம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா வாணாம்னு சொல்லும். அதுக்கு ரோஷம் ஜாஸ்தி. அது காண்ட்ராக்டர் கால்ல வுழுந்துச்சே, அன்னிலேர்ந்து." ஏஞ்சல் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள். "நான் எவன் கால்லயும் வுழமாட்டேன். உங்களதான் எழுதச் சொல்றேன்."

ரூத் கையெழுத்துப் போட்டாள். நேர்கோட்டில், ஒரே ஒரு பெயர். ஏஞ்சல் தாளை வாங்கி ஈரம் காய ஊதினாள். நாலாக மடிக்காமல் இரண்டாக மடித்தாள். படியில் கிடந்த நாயைக் காலால் லேசாக நெம்பிவிட்டு இறங்கிப் போனாள்.

அன்புசெல்வன் அதை நம்பினாரா என்பது வேறு விஷயம். ஃபைலில் வைக்க அவருக்கு ஒரு தாள் வேண்டும், அது கிடைத்தது. "நானும் அப்படித்தான் நினைத்தேன் மேடம், இந்தப் பெண்களுக்கு இதெல்லாம் எங்கே தோன்றப்போகிறது" என்று போனில் சிரித்தார். ரூத் போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். மறுக்க வாயெடுத்தாள். மறுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்ததால் மூடிக்கொண்டாள். அந்த வாரமே ஏஞ்சலுக்கு நீலக் கோட்டு வந்தது. சாராள் அதைத் துவைத்து, கரி படியாமல் வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டிக் காயப்போட்டாள். தோசை மறுபடி மாடிக்கு வந்தது. 'நீ' மட்டும் திரும்பி வரவில்லை. "சாப்டுங்க" என்றே சொல்லிவிட்டுப் போனாள்.

ஒஹையோவிலிருந்து அப்பா கேட்டார்: அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்ததா? கிடைத்தது என்று ரூத் பதில் போட்டாள். "உன் கடிதத்தால்தானே?" ஆமாம் என்று எழுதினாள். அதில் பொய் எதுவும் இல்லை.

பயிற்சி நிறைவு விழா இரண்டு வாரம் கழித்து நடந்தது. கார் கம்பெனியிலிருந்து விருந்தினர்கள் வந்திருந்தார்கள். வேலைக்கு எடுத்த எட்டுப் பேரும், காண்ட்ராக்டரிடம் போன பதினைந்து பேரும், கல்யாணம் நிச்சயமானவளும் முன் வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள், நீலம் முதலில், பழுப்பு பின்னால். மேடையில் ரூத்துக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். திரையை விலக்கியதும் சுவரில் ஒரு பெரிய படம். ரூத்தின் போனிலிருந்து கேட்டு வாங்கிய அதே படம்தான். டிபன் பாக்ஸ் மூடி போட்ட வட்டம், சுற்றிலும் கம்பி கம்பியாக இருபத்துநாலு பெயர்கள். கீழே தங்க எழுத்தில் ஒரு பெயர்: ரூத்.

"பணியிடத்தில் பெண்களின் கண்ணியம் குறித்து நம் அமெரிக்க ஆசிரியை எடுத்த முயற்சி" என்று அன்புசெல்வன் மைக்கில் சொன்னார். "இன்று ஒவ்வொரு லைனிலும் இரண்டு அட்டைகள் இருக்கின்றன." விருந்தினர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் ரூத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ரூத் கீழே பார்த்தாள். ஏஞ்சல் இரண்டாவது வரிசையில், நீலக் கோட்டில், கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அடுத்து மணியம்மாள். பின்னால் பழுப்புக் கோட்டுகள். அந்தத் தாள் எந்த மேஜையில், யார் கையால் எழுதப்பட்டது என்று அவர்கள் இருபத்துநாலு பேருக்கும் தெரியும். ஒருத்தி முகத்திலும் ஒன்றும் இல்லை. ஒருத்தி போதும் இதை உடைக்க. ரோல் கிடைக்காத பதினைந்து பேரில் ஒருத்தி எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரூத் அவர்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். யாரும் எழவில்லை.

பிறகு கைதட்டல் கிளம்பியது. இருபத்துநாலு பேரும் ஒரே சீராகத் தட்டினார்கள். யார் முதலில் தட்டியது என்று ரூத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை.